முதியோர் இல்லத்துக்கு நாயுடன் போகிறீர்களா?

எங்களிடம் இருப்பது நாட்டு நாய், எட்டு மாதக் குட்டி. அங்கிருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்க முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகலாமா, லேப்ரடார்தான் சரிப்படுமா?
– அஸ்தம்பட்டி

நாட்டு நாய் தாராளமாகப் போகலாம், ஆனால் ஒரு வயது முடியட்டும். அதுவரை வீட்டில் பழக்குங்கள். வாக்கர் பிடித்து நடந்து காட்டுங்கள், எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டால் தவறில்லை, உடனே தேறி வாலாட்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆள்மேல் பாய்கிற பழக்கம் மட்டும் கூடவே கூடாது. வயதானவர்களின் தோல் நகம் பட்டாலே கிழிந்துவிடும்.

என்னென்ன ஊசி போட வேண்டும்?
– அம்மாபேட்டை

வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும், லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) தடுப்பும் சேர்ந்த கூட்டு ஊசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து. முந்தின நாள் குளியல், நகம் வெட்டுதல். சென்ட் வேண்டாம். பச்சை இறைச்சி போடுகிறவர்கள் நிறுத்திவிடுங்கள். நாய் நன்றாக இருக்கும்போதே அதன் வழியாக சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி பலவீனமானவர்களுக்குப் போய்விடும்.

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்குப் போகிறோம். மலைப்பாதையில் வாந்தி எடுக்கிறது.
– ஐந்து ரோடு

இருபது கொண்டை ஊசி வளைவு, நமக்கே குமட்டும். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்ட நாயைப் பிள்ளைகள் நடுவே விடாதீர்கள். மேலே போனதும் கொஞ்சம் நடக்க விட்டு, உண்ணி ஏறியிருக்கிறதா என்று காதுமடல், விரலிடுக்கு பார்த்துவிட்டு உள்ளே போங்கள். எது செய்தும் வாந்தி நிற்கவில்லையா? சேலத்திலேயே ஓர் இடம் பாருங்கள்.

போன இடத்தில் அடிக்கடி கொட்டாவி விடுகிறது. அசதியா?
– சூரமங்கலம்

வந்த கேள்விகளில் இதுதான் முக்கியம். அந்தக் கொட்டாவி பெரும்பாலும் தூக்கத்தால் வருவதில்லை, சங்கடத்தால் வருவது. தீனி எதுவும் இல்லாமலே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உங்கள் காலுக்குப் பின்னால் ஒதுங்குவது எல்லாம் அதே ரகம். "போதும், கூட்டிட்டுப் போ" என்கிறது. நம் ஆட்களோ அப்போதுதான் "கை குடு, கை குடு" என்று இழுப்பார்கள். ஃபோட்டோ வேறு. இந்த அறிகுறிகளை நாம் கண்டுகொள்ளாமலே விட்ட நாய்தான் ஒருநாள் உறுமும். கண்டதும் எழுந்து வெளியே போய்விடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். புது நாய்க்கு அரை மணி நேரம் போதும். பழகிய நாய்க்கும் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் பேச்சுக் கொடுப்பதில் மும்முரமாகாமல் நாயின் முகத்திலேயே கண் வைத்திருங்கள். அப்புறம், சித்திரை வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் நடத்திக் கூட்டிப் போக வேண்டாம்.

பாட்டிகள் பாசமாக ஊட்டுகிறார்கள். தடுக்க மனம் வரவில்லை.
– ஃபேர்லேண்ட்ஸ்

தடுத்துத்தான் ஆக வேண்டும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் போட்ட பண்டம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லா மிட்டாய் எல்லாம் நாய்க்கு நஞ்சு. அதைவிட ஆபத்து, கட்டிலுக்கடியில் உருண்டு கிடக்கும் மாத்திரை. "விடு" என்றால் விடுகிற பழக்கம் இதற்காகவே வேண்டும். உங்கள் நாய்க்கு ஒத்துக்கொள்ளும் பண்டத்தை நீங்களே கொண்டுபோய்ப் பாட்டி கையில் கொடுங்கள். உள்ளங்கையை விரித்து வைத்து ஊட்டட்டும். முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்ய உதவுங்கள்.