சாவைப் பாடுதல் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நிலையாமை பற்றிய உங்கள் கட்டுரையில் பட்டினத்தாரோடு சேர்த்து டெத் மெட்டல் என்னும் உறுமல் குரல் கொண்ட கடும் ராக் இசையையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அப்பாடல்களின் வரிகளைத் தேடிப் படித்தேன். அழுகிய பிணங்களையும் அறுபட்ட உறுப்புகளையும் தவிர ஒன்றும் தென்படவில்லை. இந்தக் கூச்சலைப் பட்டினத்தாரோடு எப்படி ஒரே தட்டில் வைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரே தட்டில் வைக்கவில்லை. பட்டினத்தார் உடலின் அழிவைக் காட்டிவிட்டு, அடைக்கலம் புக ஓர் இறைவனையும் காட்டுகிறார். டெத் மெட்டல் குழுக்களிடம் அந்த இரண்டாம் பகுதி கிடையாது. நீங்கள் படித்தவற்றில் பெரும்பகுதி திகில் படங்களைப் பார்த்த இளைஞர்கள் அதே வேகத்தில் எழுதியவை. அவற்றுக்காக வாதாட எனக்கும் விருப்பமில்லை.

ஆனால் பாட்டில் பேசுவது யார் என்று பாருங்கள். ஃபுளோரிடாவில் உருவான ‘டெத்’ குழுவின் 1987ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் சாவு பெரும்பாலும் வெளியே நின்று பார்க்கப்படும் காட்சி. அடுத்த ஆண்டே வந்த ‘லெப்ரசி’ தொகுப்பின் ‘புல் த பிளக்’ பாடலில் பேசுவதோ, இயந்திரத்தின் தயவில் மூச்சுவிட்டபடி, தன்னைப் போகவிடும்படி மன்றாடும் நோயாளி. அதை எழுதிய, குழுவின் பாடகர் சக் ஷுல்டினருக்கு அப்போது 21 வயது. 1991இல் ‘ஹியூமன்’ தொகுப்பில் இதே சிக்கலுக்குத் திரும்பி, வேதனைப்படுபவனுக்குச் சாவை மறுக்கும் உரிமையைக் கேள்விக்குள்ளாக்கினார். 2001இல், 34ஆம் வயதில், மூளைக் கட்டியால் அவர் இறந்தபோது ‘புல் த பிளக்’ பாட்டைத் தீர்க்கதரிசனமாக வாசித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் தெரியவந்ததே 1999இல்தான். இன்னொருவரின் படுக்கையில் தன்னைக் கிடத்திப் பார்க்கும் கற்பனை அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது, அவ்வளவுதான்.

லிவர்பூலின் ‘கார்கஸ்’ குழு சென்ற வழி வேறு. 1988இல் வெளிவந்த அவர்களின் முதல் தொகுப்பில் மருத்துவ அகராதியிலிருந்து எடுத்த கலைச்சொற்களே வரிகளை நிறைக்கின்றன. கோபமோ துக்கமோ இல்லாத பிணப் பரிசோதனை அறிக்கைபோல அவை நகர்கின்றன. அக்குழுவின் ஜெஃப் வாக்கரும் பில் ஸ்டியரும் சைவ உணவுக்காரர்கள் என்று தெரிந்தபின் வாசித்தால், மனித உடலும் அறுத்துப் போட்ட இறைச்சிதான் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் புரியும். ஊனையும் நிணத்தையும் அடுக்கி அருவருப்பை ஊட்டும் பட்டினத்தார் இந்த ஓரிடத்தில் நினைவுக்கு வரத்தான் செய்கிறார். அந்தக் கட்டுரையின் ஒற்றை வரியில் நான் குறிப்பிட நினைத்ததும் இதைத்தான்.

இறந்தவருக்காக அழும் பாட்டு இவ்வகை இசையில் உண்டா என்றால், மெதுவாகவும் கனமாகவும் நகரும் டூம் மெட்டல் வகைக்குத்தான் போகவேண்டும். சியாட்டிலைச் சேர்ந்த ‘பெல் விட்ச்’ குழுவின் முன்னாள் டிரம்மர் ஏட்ரியன் கெர்ரா 2016இல் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த ‘மிரர் ரீப்பர்’ 83 நிமிடம் நீளும் ஒரே பாட்டு. வழக்கமான கிட்டாரே இல்லை, தாழ்ந்த சுரம் தரும் பேஸ் கிட்டாரும் டிரம்மும் ஆர்கனும் குரல்களும்தான். முன்பு பதிவாகிப் பயன்படுத்தப்படாமல் கிடந்த கெர்ராவின் குரலை அதன் நடுப்பகுதியில் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் வரிகளை மட்டுமே படித்திருக்கிறீர்கள் என்பதால் இதை முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கள். கூச்சல் என்ற சொல்லை அப்போதும் வைத்துக்கொள்வீர்களா என்று அறிய விரும்புகிறேன்.