ரூஜ் காட்டில் ஓடுவதை விடவேண்டாம் தம்பி

தம்பி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம் என்றும், ரூஜ் பூங்காவில் ஓடுகிறேன் என்றும், உண்ணி எச்சரிக்கைப் பலகையைக் கண்டதிலிருந்து பயமாக இருக்கிறது, நிறுத்திவிடவா என்றும் கேட்டிருந்தீர்கள். நிறுத்தாதேயுங்கோ. நானும் பதினெட்டு வருடமாக அங்கேதான் ஓடுகிறேன்.

ஊரில் மாட்டின் காதில் பார்த்த உண்ணியை நினைத்துக்கொண்டு தேடினால் இதைக் காணமாட்டீர்கள். இது லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்புகிற கருங்கால் உண்ணி. வளர்ந்ததே எள்ளளவுதான். மே முதல் ஜூலை வரை திரிகிற இளசு கசகசா அளவு. பறக்காது, பாயாது. புல் நுனியில் முன்னங்கால்களை விரித்தபடி இருக்கும். உரசிப் போகிற காலைப் பற்றிக்கொள்ளும். அதனால் பாதையின் நடுவால் ஓடுங்கோ. புல் முழங்காலைத் தொடுகிற ஒற்றையடிப் பாதைகளை ஜூனில் நான் தொடுவதே இல்லை. நீளக் காற்சட்டையை மேசுக்குள் செருகி, சப்பாத்துக்கும் காலுக்கும் டீட் அல்லது ஐகாரிடின் உள்ள பூச்சிவிரட்டி ஸ்ப்ரே அடியுங்கோ.

ஆனால் என்னைக் காப்பாற்றியது ஸ்ப்ரே இல்லை, வீட்டுக்கு வந்து உடம்பைத் தேடுகிற பழக்கம். ஒரு ஜூன் மாதம் குளிக்கும்போது முழங்கால் மடிப்பில் கரும்புள்ளி. சேறென்று நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் புள்ளிக்குக் கால்கள் இருந்தன. மனைவி கூர்நுனிச் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேரே இழுத்தெடுத்தார். எண்ணெய் பூசுவது, நெருப்புக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம்; வயிற்றில் உள்ளதை அது உங்களுக்குள் கக்கிவிடக்கூடும்.

லைம் நோய்க்கிருமி உடம்புக்குள் இறங்க, பெரும்பாலும் உண்ணி 24 மணிநேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். ஓடிய அன்றே தேடச் சொல்வது அதனால்தான். தொடையிடுக்கு, அக்குள், தொப்புள், காதின் பின்புறம், தலைமயிர், ஒன்றையும் விடாதேயுங்கோ. உடுப்பைக் கழுவ முன்பே ட்ரையரில் அதிக சூட்டில் பத்து நிமிடம் போடுங்கோ.

கனநேரம் ஒட்டியிருந்திருக்கும் என்று தோன்றினால் 72 மணிநேரத்துக்குள் பாமசிக்குப் போங்கோ. 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் பாமசிஸ்டே பார்த்துத் தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் மருந்தை எழுதித்தரலாம்.

பிறகு ஒரு மாதம் கவனம். தோல் தடிப்பு 3 முதல் 30 நாளுக்குள் வரலாம். படங்களில் காட்டுகிற சிவப்பு வளையம் எங்கள் தோலில் அப்படி எடுப்பாகத் தெரியாது. பலருக்கு வளையமாக வருவதும் இல்லை. காய்ச்சல், உடம்புநோ, களைப்பு என்றால் சாதாரண தடிமன் என்று படுத்திருக்காமல் டொக்டரிடம் போய், உண்ணி கழற்றிய திகதியை முதலில் சொல்லுங்கோ. கழற்றிய அன்றே அதைக் கலண்டரில் குறித்துவிடுங்கோ.