பிறந்தவுடன் அழாத குழந்தைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மன்னார்குடி வாசகர்: பிறந்தவுடன் அழாமல் மூச்சு முட்டிய எங்கள் குழந்தையின் தலை ஸ்கேனில் கோளாறு இல்லை. ஆனால் சிறுநீரகமும் குடலும் பாதிக்கப்பட்டுள்ளதாகச் சொல்கிறார்கள். பிராணவாயுக் குறை மூளையைத்தானே தாக்கும்?

மேட்டூரில் இருப்பு குறைந்து, முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டில் கடைமடை எப்படிக் காயும் என்பதை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடலும் அப்படித்தான் முறை வைக்கிறது: பிராணவாயு குறைந்ததும் குழந்தையின் உடல், இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் திருப்பிவிட்டு, சிறுநீரகம், குடல், கல்லீரல், தோல் ஆகியவற்றுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. கடுமையாக மூச்சு முட்டிய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிறுநீரகம் ஏதோ ஓர் அளவில் பாதிக்கப்படும். அதே சமயம், முதல் நாள் ஸ்கேன் தெளிவாக இருந்தது என்பதற்காக மூளை தப்பிவிட்டது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: குழந்தையின் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.1. சிறுநீரகம் போய்விட்டதா?

பிறந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்த இரத்தம்? எடை என்ன? சிறுநீர் எவ்வளவு? ஒன்றையும் எழுதாமல் ஓர் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்ல முடியும்? முதல் நாளில் குழந்தையின் இரத்தத்தில் காண்பது பெரும்பாலும் தாயின் கிரியாட்டினின். அடுத்தடுத்த நாட்களில் அது இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதே செய்தி. நாளும் மணியும் இல்லாத எண்ணை அனுப்பாதீர்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தந்தை: இரண்டு நாளாகச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. மருத்துவர் பாலை நிறுத்தி, ஏற்றும் திரவத்தையும் குறைத்துவிட்டார். தண்ணீர் கொடுத்தால்தானே சிறுநீர் வரும் என்கிறார் என் தாயார். சீனித்தண்ணீர் தொட்டு வைக்கலாமா? வீட்டுக்கு வந்ததும் கழுதைப்பால் கொடுக்கலாமா?

இரண்டும் கூடாது. இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினேன் என்ற கணக்கே எனக்கு மறந்துவிட்டது. அடிபட்ட சிறுநீரகம் நீரை வெளியேற்ற இயலாமல் நிற்கும்போது மேலும் நீர் கொடுத்தால், அது உடலிலேயே தங்கி, இரத்தத்தின் சோடியத்தைக் கீழே இறக்கி, குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும்; அந்த வலிப்பை மூளைப் பாதிப்பின் கணக்கில் எழுதிவிட்டு, புகட்டிய சங்கைக் கழுவி வைத்துவிடுவார்கள். மருத்துவர் திரவத்தைக் குறைத்தது கஞ்சத்தனமன்று, சிகிச்சை. இரத்தம் வற்றியிருந்த குடலின் உட்சுவர் நைந்திருக்கும் என்பதால் அதில் சேனை, உரைமருந்து, தெருவில் சங்கு அளவில் விற்கும் கழுதைப்பால் என எதை ஊற்றினாலும் கிருமிக்கு வாசல் திறந்துவிட்டதாகும். குடல் அழுகி, வயிறு உப்பி வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அனுமதி கிடைத்த பின் தாய்ப்பால் மட்டும், அதுவும் அவர்கள் சொல்லும் அளவில். உங்கள் தாயார் உதவ விரும்பினால், நனைந்த துணிகளை எறியாமல் செவிலியரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உலர்ந்த துணியின் எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று சிறுநீரின் அளவு கிடைத்துவிடும். 3 கிலோ குழந்தைக்கு ஒரு நாளில் 70 மில்லிக்குக் கீழே போனால் குறைவு.

பாபநாசம் வாசகி: கல்லீரல் என்சைம்கள் கூடியுள்ளன. கீழாநெல்லி தரலாமா?

கூடாது. அவை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தாமாகவே இறங்கும். இரத்தம் உறையும் தன்மையைப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: வெளிநாட்டில் உறவினர் குழந்தையைக் குளிர்வித்துக் காப்பாற்றினார்கள். இங்கு ஏன் செய்யவில்லை?

பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் நிறுத்தும் சிகிச்சை அது. பணக்கார நாடுகளில் பலன் தந்தது உண்மை. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், குளிர்வித்தவர்களில் 42 சதவீதமும் குளிர்விக்காதவர்களில் 31 சதவீதமும் இறந்தனர். ஆகவே செய்யாததை அலட்சியம் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டில் ஈரத்துணி சுற்றிக் குளிர்விக்க முயல்வது அதைவிட ஆபத்து.

நாகப்பட்டினம் வாசகர்: வால்வில் கசிவு என்றார்கள். ஆயுளுக்கும் இதய நோயாளியா?

மூச்சு முட்டலால் வந்த கசிவு பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். எக்கோ எனும் இதய ஸ்கேனை மறுபடி எடுத்துப் பாருங்கள். எழுதும்போது நாளையும் மணியையும் சேர்த்து எழுதுங்கள்.