அக்டோபரில் ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ்: இருவராகக் காரில் போக நினைப்பவர்களுக்குச் சில பதில்கள்

ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள இன்வர்னெஸ் நகரத்துப் பக்கம் வந்து குடியேறி 11 வருடம் ஆகிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் மனைவியும் நானும் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஹைலேண்ட்ஸின் மேற்குக் கரைப் பக்கம் போய்விடுவோம். அந்தப் பயணத்தைப் பற்றி நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

லெஸ்டரிலிருந்து: கல்யாணமாகி முதல் பயணம். 7 நாள் இருக்கிறது. நார்த் கோஸ்ட் 500 என்ற கார்ப் பயண வழியின் முழு வட்டமும் போய் வந்துவிடலாமா?

போகலாம் தம்பி, ஆனால் அக்டோபரில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்வர்னெஸில் தொடங்கி இன்வர்னெஸிலேயே முடியும் அந்த வட்டம் 516 மைல். 2015-இல் இந்தப் பெயரை வைத்து விளம்பரப்படுத்தினார்கள், அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அதை முடித்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறார்கள். 516-ஐ 7-ஆல் வகுத்தால் நாளுக்கு 74 மைல்தானே என்று தோன்றும். அந்த 74-இல் பாதி ஒற்றைத் தடச் சாலையாக இருந்தால், நடுவில் மழையும் பிடித்துக்கொண்டால், பொழுது விடிந்து அடையும்வரை ஸ்டியரிங்தான் உங்கள் கையில் இருக்கும், மனைவியின் கை இருக்காது.

அதற்குப் பதிலாக மேற்குப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டாரிடன் அல்லது ஷீல்டெய்கில் 3 இரவு, உல்லாப்பூலில் 3 இரவு. கடைசி இரவு இன்வர்னெஸ், அன்று பகலில் கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கு. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மேற்குக் கரையில் மழை எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலை முழுக்கக் கொட்டிவிட்டு மூன்று மணிக்குச் சட்டென்று மேகம் கிழிந்து மலை முழுக்கச் செம்பு நிறத்தில் எரியும், அது இருபது நிமிடம் நீடித்தால் பெரிது. ஒரே இடத்தில் மூன்று நாள் இருப்பவருக்கு அந்த இருபது நிமிடம் எப்படியும் ஒரு தடவையாவது கிடைக்கும். அதே மலையை மழையில் கடந்து அடுத்த ஊருக்கு ஓடுகிறவருக்கு வைப்பர்தான் மிச்சம்.

சென்னையிலிருந்து: இந்திய லைசென்ஸ் போதுமா? இருவரும் ஓட்டலாமா?

போதும். சுற்றுலாவாக வருபவர் தன் நாட்டு முழு லைசென்ஸை வைத்துக்கொண்டு 12 மாதம்வரை இங்கே கார் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் பழகுவது சுலபம். வாடகைக் கம்பெனிகள் தங்களுக்கென்று தனி நிபந்தனை வைத்திருப்பார்கள், புக் செய்யும் முன்பு கேட்டுவிடுங்கள்.

இருவரும் ஓட்டுவதாக இருந்தால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், கவுண்டரில் இருவரும் லைசென்ஸைக் காட்ட வேண்டும். பெயர் இல்லாதவர் பத்து நிமிடம் ஓட்டினாலும் அது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதுதான். கூடுதல் ஓட்டுநர் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். கார் சின்னதாக எடுங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் சீக்கிரம் புக் செய்யுங்கள். பல ஒப்பந்தங்களில் டயரும் கண்ணாடியும் இன்சூரன்ஸில் சேராது, இந்தச் சாலைகளில் முதலில் அடிபடுவது அந்த இரண்டும்தான்.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து: ஒற்றைத் தடச் சாலை என்றாலே பயமாக இருக்கிறது. எப்படி ஓட்டுவது?

பயப்பட வேண்டியதில்லை அக்கா, ஒழுங்கு தெரிந்தால் போதும். சாலை ஒரு கார் அகலம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் சற்று அகலமாக விட்டு வெள்ளைப் பலகை நட்டிருப்பார்கள், அதுதான் பாஸிங் பிளேஸ். எதிரே வண்டி வருகிறது, பாஸிங் பிளேஸ் உங்கள் இடப்பக்கம் இருக்கிறது என்றால் அதற்குள் ஒதுங்கி நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழையவே கூடாது, அதற்கு நேர் எதிரே உங்கள் பக்கத்திலேயே நின்றுவிடுங்கள், எதிர் வண்டி அதற்குள் வளைந்து உங்களைச் சுற்றிக்கொண்டு போகும். வெளியூர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

அப்புறம், பின்னால் ஒரு வண்டி ஒட்டிக்கொண்டே வந்தால் அவர் உள்ளூர்க்காரர். வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்க்கொண்டிருப்பார். அடுத்த பாஸிங் பிளேஸில் ஒதுங்கி வழி விடுங்கள். அதில் காரை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போகாதீர்கள், இங்குள்ளவர்களுக்கு உண்மையிலேயே கோபம் வருவது அதற்குத்தான். வழி விட்டவருக்குக் கையைத் தூக்கி ஒரு நன்றி.

ரிவர்ஸ் மட்டும் வருவதற்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியை மட்டும் பார்த்து 50 மீட்டர் நேராகப் பின்னால் எடுத்துப் பாருங்கள். அது வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அதே அக்கா: ஆப்பிள்கிராஸ் ஊருக்குப் போகும் பெயலக் ந பா மலைச்சாலையில் ஏறலாமா?

மழையும் மேகமும் இல்லாத நாளில், காலை ஒன்பது மணிக்குள் ஏறுங்கள். கிஷோர்ன் கடற்கழியின் ஓரத்திலிருந்து 626 மீட்டருக்குக் கிடுகிடுவென்று ஏறும் சாலை, சில இடங்களில் ஐந்துக்கு ஒன்று என்ற செங்குத்து, மேலே போகப் போகக் கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலை ஏறியவர்களுக்கு வளைவு புதிதல்ல, அகலம் இல்லாததுதான் புதிது. ஓட்டப் பழகுகிறவர்களும் பெரிய வண்டிகளும் கேரவன்களும் வர வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள், இருந்தும் வருகிறார்கள்.

இரண்டு வருடம் முன்பு கடைசி வளைவுக்கு முந்தியதில் எங்களுக்கு எதிரே, உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள ஒரு கேம்பர் வேன் வந்து நின்றது. அவரால் பின்னால் எடுக்க முடியவில்லை. மனைவிதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் பின்பக்கம் போய் நின்று கை காட்ட, ஓர் ஓரத்தில் பாறை, மறு ஓரத்தில் தடுப்புக் கம்பி, நடுவில் அவள் அங்குலம் அங்குலமாக முப்பது மீட்டர் பின்னால் கொண்டுவந்து பாஸிங் பிளேஸில் சொருகினாள். வேன்காரர் கண்ணாடியை இறக்கி இரண்டு கையையும் கூப்பினார். மேலே போய் நின்றால் ராசே தீவும் அதற்குப் பின்னால் ஸ்கை தீவின் மலைகளும் ஒரே வரிசையில் தெரிகின்றன. இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மேகம் இறங்கியிருந்தால் ஏறாதீர்கள், ஷீல்டெய்கிலிருந்து கடலோரச் சாலை வழியாகவே ஆப்பிள்கிராஸ் போய்விடலாம். சுற்றுதான், ஆனால் அந்தச் சாலையும் அழகுதான்.

பர்மிங்காமிலிருந்து: அவர் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கிறேன். சண்டை வராமல் இருக்க வழி உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி அம்மா, நிறைய பேர் கேட்கத் தயங்குவது இது. நீங்கள் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் சாலை விளிம்புக்கு நேர் மேலே இருக்கிறார். பள்ளம், சகதி, ஆட்டுக்குட்டி எல்லாம் அவர் ஜன்னலுக்குக் கீழே தெரிகிறது, ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. கார் பள்ளத்தில் இறங்கப் போகிறது என்று உங்களுக்குத் தோன்றும் அதே நொடியில் அவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். முதல் நாள் காலையிலேயே ஓர் அரை மணி நேரம் இடம் மாறி உட்கார்ந்து பாருங்கள், அவருக்குப் புரிந்துவிடும்.

அப்புறம் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் தூரத்தைப் பார்க்க வேண்டும்: அடுத்த பாஸிங் பிளேஸ் எங்கே, வளைவுக்கு அப்பால் வண்டி தெரிகிறதா, ஆடு படுத்திருக்கிறதா. “மெதுவா” என்று சொல்வதைவிட “எதிரே வெள்ளை வேன்” என்று சொன்னால் ஓட்டுபவருக்கு உதவும். மதியத்தோடு ஓட்டுபவர் மாற வேண்டும். நாள் முழுக்க ஒருவரே ஓட்டினால் அவருக்கு மலையும் தெரியாது, ஏரியும் தெரியாது, தார்தான் தெரியும். பாவம், அவரும் பார்க்கத்தானே வந்தார்.

ரெடிங்கிலிருந்து: இலையுதிர் கால நிறம் எப்போது உச்சம்? ஹெதர் பூத்திருக்குமா?

ஹெதர் ஆகஸ்ட் மாதப் பூ, அக்டோபரில் காய்ந்த பழுப்புதான். ஆனால் அதற்கு வருத்தப்படாதீர்கள். செப்டம்பர் கடைசியில் பிராக்கன் என்ற பெரணி துருப்பிடித்த மாதிரி மாறத் தொடங்கும், ரோவன் மரத்தில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். அக்டோபர் முதல் பாதியில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகும், மாதக் கடைசியில் லார்ச் பொன்னாகும். லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனாலும் இலை உதிர்க்கும். பச்சைப் பைன் மரங்களுக்கு நடுவே பிர்ச் மஞ்சளைப் பார்க்க கிளென் அஃப்ரிக்கை மிஞ்ச எனக்குத் தெரிந்து இடமில்லை. கேனிச் ஊரைத் தாண்டி உள்ளே போகும் அந்தச் சாலை ஒரு கார் பார்க்கோடு முடிந்துவிடும், வந்த வழியேதான் திரும்ப வேண்டும். வழியில் டாக் அருவியில் இறங்கி ஒரு மணி நேரம் நடங்கள்.

இன்னொரு நல்ல செய்தி: கோடையில் முகத்தை மொய்க்கும் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி அக்டோபரில் அநேகமாக இருக்காது. உண்ணி இருக்கும். புதரில் நடந்து வந்த அன்று இரவு ஒருவருக்கொருவர் முழங்கால் பின்புறம், இடுப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள்.

மில்டன் கீன்ஸிலிருந்து: நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

மூன்றரை. அதற்கு மேல் வேண்டாம். அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் மாலை 6:45 வாக்கில் மறையும், நான்காம் வாரத்தில் 5:40. அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அன்றிலிருந்து 4:40-க்கே இருட்டுகிறது. இருட்டியபின் ஒற்றைத் தடச் சாலையில் ஓட்டாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மான்கள் இறங்கி வருவது அந்த நேரம். ஒன்று கடந்துவிட்டால் வேகத்தை ஏற்றிவிடாதீர்கள், பின்னாலேயே இன்னொன்று வரும்.

டாரிடனிலிருந்து உல்லாப்பூலுக்கு கேர்லாக் வழியாக 90 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அதையே ஒரு முழு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். லாக் மரீ ஏரிக்கரை, பைன் வேர்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்க் டீ, அப்புறம் கோரிஹாலக் பள்ளத்தாக்கு. 46 மீட்டர் அருவிக்கு மேலே ஒரு தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள், நடக்கும்போது ஆடும். நாள் சரியாகப் போய்விடும்.

கோயம்புத்தூரிலிருந்து: நாங்கள் சைவம். சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். அநேகமாக எல்லாப் பப்பிலும் ஒரு சூப், ஒரு சைவச் சாப்பாடு இருக்கும், ஹாகிஸ் என்ற ஸ்காட்லாந்து இறைச்சிப் பண்டத்தில் சைவ வகைகூட உண்டு, ஓட்ஸும் பயறும் மிளகும் சேர்த்தது, நம் நாக்குக்குப் பிடிக்கும். பிரச்சினை நேரம்தான். கிராமங்களில் சமையலறையை இரவு எட்டு, எட்டரைக்கே மூடிவிடுவார்கள். எங்கள் முதல் பயணத்தில் 8:40-க்கு ஓர் ஊரில் போய் இறங்கினோம், ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை, அடுப்பை அணைத்துவிட்டார்கள். அன்று இரவு பிஸ்கட்டும் டீயும்தான். அதிலிருந்து சமையலறை உள்ள வீடாகத்தான் எடுக்கிறோம். இன்வர்னெஸிலேயே அரிசி, பருப்பு, தயிர், காய் வாங்கிக்கொள்ளுங்கள். ரசப்பொடியை ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள். மழை அடிக்கிற சாயங்காலம், ஈர ஜாக்கெட் ஹீட்டர் மேல் காயும்போது, மிளகு ரசம் கொதிக்கிற வாசனைக்கு ஈடு கிடையாது.

குரோய்டனிலிருந்து: கேம்பர் வேன் எடுக்கலாமா?

கோடையில் யோசிக்கலாம். அக்டோபரில் நனைந்த துணி காய இடமில்லாமல் இருவரும் வாரம் முழுக்க ஈரத்திலேயே இருப்பீர்கள். கார் எடுங்கள்.

மதுரையிலிருந்து: எங்கள் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

தாராளமாக வாருங்கள் ஐயா. வாடகைக் கம்பெனிகளில் சில ஓட்டுநரின் வயதுக்கு மேல்வரம்பு வைத்திருப்பார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்டோபர் நடு வாரங்களில் இங்கே பள்ளி விடுமுறை. ஒரு காலத்தில் பிள்ளைகளை உருளைக்கிழங்கு பொறுக்க அனுப்பியதால் இன்றும் பேச்சுவழக்கில் அதை உருளைக்கிழங்கு விடுமுறை என்கிறார்கள். அப்போது வீடுகள் நிறைந்திருக்கும், முதல் வாரம் வந்தால் நல்லது. எடின்பரோவிலிருந்து ஏ9 சாலையில் வந்தால் டன்பிளேன் தொடங்கி இன்வர்னெஸ்வரை சராசரி வேகக் கேமரா இருக்கிறது, இரண்டு கேமராவுக்கு இடையே எடுத்த நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும், ஒரு கேமராவிடம் மட்டும் மெதுவாகப் போய்ப் பயனில்லை. ஸ்காட்லாந்தில் மது அளவு வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு, ஓட்டுபவர் ஒரு சொட்டும் வேண்டாம். பெட்ரோல் பாதிக்கு இறங்கியதுமே நிரப்பிவிடுங்கள். வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வையுங்கள், சிக்னல் பல மைலுக்கு இருக்காது. பிரிட்டன் சிம் இருந்தால் ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிந்து வையுங்கள், பேச முடியாத இடத்திலிருந்தும் குறுஞ்செய்தியில் உதவி கேட்கலாம்.

லெஸ்டர் தம்பி மறுபடியும்: ஆண் மான் கத்துவது கேட்கும் என்கிறார்களே, எங்கே?

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை செம்மான்களின் இணை சேரும் காலம். டாரிடனில் தங்குகிறீர்கள் அல்லவா, விடிவதற்குச் சற்று முன் கின்லாக்யூ போகும் சாலையில், லீயகக் மலைக்குக் கீழே உள்ள கார் பார்க்குக்குப் போங்கள். தங்கும் இடத்திலிருந்து பக்கம்தான், அதனால் இருட்டில் ஓட்டாதீர்கள் என்று சொன்னதற்கு இது ஒன்று மட்டும் விலக்கு, ஆனாலும் மணிக்கு இருபது மைல் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். எஞ்சினை அணையுங்கள், விளக்கையும் அணையுங்கள், ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு இறக்குங்கள். முதலில் ஒன்றும் கேட்காது, ஓடைச் சத்தம் மட்டும் வரும். அப்புறம் மலையின் ஒரு பக்கத்திலிருந்து அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு நீண்ட உறுமல், எருமையும் சிங்கமும் கலந்ததுபோல. சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். காரை விட்டு இறங்கிக் கிட்டப் போகாதீர்கள், அந்தப் பருவத்தில் அவற்றுக்கு ஆத்திரம் அதிகம். ஒரு கம்பளியும் பிளாஸ்க்கும் கொண்டுபோங்கள், எஞ்சின் இல்லாத காரில் பத்து நிமிடத்திலேயே குளிரத் தொடங்கிவிடும்.