பீஸ் ஸ்டேஷன் வந்ததும் ஏறிய 9 கிலோ

அண்ணே, ராணுவத்தில் எல்லைப் பக்கப் பணியான ஃபீல்டிலிருந்து, அமைதிப் பகுதி முகாமான பீஸ் ஸ்டேஷன் வந்து ஆபீஸ் வேலையில் உட்கார்ந்த இரண்டே வருடத்தில் 9 கிலோ ஏறிவிட்டது, சாப்பாடு மட்டும் அதே அளவுதான் என்கிறீர்கள். சிக்கலே அந்த 'அதே அளவு'தான். மலையில் சுமையோடு ஏறியவருக்குப் போட்ட சோறு நாற்காலியில் இருப்பவருக்கு அதிகம். காலையில் பி.டி. முடித்தாலும் மீதிப் பகல் உட்கார்ந்தே போகிறதே.

அப்புறம் கேன்டீன் ரம். 60 மில்லியில் ஏறக்குறைய 140 கலோரி, தொட்டுக்கொள்ளும் மிக்சர் தனிக்கணக்கு. (என் தொப்பையும் அப்படி வளர்ந்ததுதான்.) இரவு டியூட்டியில் தூக்கம் கெட்டால் பசியும் கூடும்.

மெடிக்கல் பரிசோதனைக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். முதலில் இடுப்பை அளந்து பாருங்கள், 90 செ.மீ. தாண்டியிருந்தால் எம்.ஐ. ரூமில் (முகாமின் மருத்துவ அறையில்) சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.