கொரோனா காலத்தில் ஆபரேஷன்கள் குறைந்தன, வேலையும் குறைந்ததா?

கேள்வி: கொரோனா சமயத்தில் ஆபரேஷன்களை எல்லாம் தள்ளிவைத்துவிட்டார்களே, அப்போது அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு வேலை குறைவாகத்தானே இருந்திருக்கும்?

தியேட்டர் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும், நாள் குறித்துச் செய்கிற ஹெர்னியா (குடலிறக்கம்), பித்தப்பைக் கல், தைராய்டு, கர்ப்பப்பை ஆபரேஷன்கள் நின்றுபோயின. கண்புரை முகாம்களும் நின்றன. வண்டி ஓடாததால் விபத்து கேஸ்களும் குறைந்தன. இந்தியா முழுக்க 2019-இல் சுமார் 4.49 லட்சமாக இருந்த சாலை விபத்துகள், 2020-இல் 3.66 லட்சமாக இறங்கின. ஆக, ரெஜிஸ்டரில் பக்கங்கள் மெதுவாகத்தான் நிரம்பின. எங்களுக்கோ மூச்சுவிட நேரமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் சில மாதங்களில் தள்ளிவைத்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆபரேஷனை ஒட்டி கொரோனா தொற்றியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். அப்போது தடுப்பூசியும் கிடையாது. பித்தப்பைக் கல்லுக்காக ஒருவரை அந்த ஆபத்தில் தள்ள எந்த டாக்டருக்கும் மனம் வராது.

ஆனால் சிசேரியனைத் தள்ளிவைக்க முடியுமா? ஊரடங்கில் சின்னச் சின்ன நர்சிங் ஹோம்கள் மூடிக்கிடந்ததால், அங்கே போக வேண்டிய பிரசவங்களும் எங்களிடமே வந்தன. ஸ்வாப் ரிசல்ட் வரும்வரை காத்திருக்க முடியாத தாயை பாசிட்டிவ் என்று வைத்துக்கொண்டுதான் உள்ளே எடுப்போம். பி.பி.இ. கிட் போட்டுக்கொள்ளவே தனியாக நேரம் பிடிக்கும். எல்லோரும் ஒரே மாதிரி தெரிவதால் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிவிடுவோம். ஏசியை நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்து ஊசியின் முனையே மங்கலாகத் தெரியும். இரண்டு முகக்கவசத்துக்குள்ளிருந்து டாக்டர் கேட்பது காதில் சரியாக விழாது, அவர் நீட்டுகிற கையைப் பார்த்துத்தான் எது வேண்டும் என்று புரிந்துகொள்ள வேண்டும். முடிந்தவரை முதுகில் ஊசி போட்டே மயக்க டாக்டர் சமாளிப்பார். தொண்டையில் குழாய் போட வேண்டி வந்தால் அவரும் ஒரு உதவியாளரும் தவிர எல்லோரும் வெளியே. கேஸ் முடிந்ததும் மேஜை, தரை, மெஷின் எல்லாவற்றையும் துடைத்து, காற்று மாறும்வரை தியேட்டரைச் சும்மா விட வேண்டும். வழக்கமாக நான்கு சிசேரியன் முடிகிற நேரத்தில் இரண்டு முடிந்தால் பெரிது.

இதையும் பாதி ஆட்களை வைத்துக்கொண்டு செய்தோம். மீதிப் பேர் கோவிட் வார்டில் டியூட்டி, அப்புறம் தனிமைப்படுத்தல். வென்டிலேட்டர் பார்க்கத் தெரிந்தவர்கள் மயக்க டாக்டர்கள்தான் என்பதால் அவர்களை ஐசியூவுக்கு எடுத்துக்கொண்டார்கள். கல்லூரிகள் மூடியதால் ரத்ததான முகாம்கள் நின்று, ஒரு யூனிட் ரத்தத்துக்குக்கூடச் சொந்தக்காரர்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

அடுத்தது, தள்ளிவைத்த கேஸ்கள். என்னால் மறக்க முடியாத ஒரு பெரியவர், விவசாயி. ஊரடங்குக்கு முன்பே ஹெர்னியாவுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். லிஸ்ட் நின்றதும் வீட்டிலேயே இருந்துவிட்டார். பிதுங்கும்போதெல்லாம் கையால் உள்ளே தள்ளி, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார். ஒருநாள் அது உள்ளே போகவில்லை. பஸ் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா வந்துவிடும் என்ற பயம் வேறு. வாந்தியோடு வயிறு உப்பித்தான் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் சிக்கிய குடல் கறுத்துப்போயிருந்தது. "அப்பவே வந்தேனே தாயி, அப்புறம் வாங்கன்னு சொன்னாங்களே" என்று மேஜைக்குப் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை, குடலை வெட்டி இணைக்கும் பெரிய ஆபரேஷனாகி, ஐசியூ படுக்கையும் தேவைப்பட்டது. பிழைத்துக்கொண்டார். ரெஜிஸ்டரில் இதுவும் ஒரே ஒரு வரிதான்.

குடல்வால் வெடித்த பிறகு வந்தவர்கள், காலில் புண் அழுகிய பிறகு வந்த சர்க்கரை நோயாளிகள் என்று இப்படி நிறையப் பேர். பர்மிங்காம் பல்கலைக்கழகம் தலைமையிலான கோவிட்சர்ஜ் ஆய்வுக் குழு, நெருக்கடி உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் உலகம் முழுக்கச் சுமார் 2.84 கோடி ஆபரேஷன்கள் தள்ளிப்போகும் அல்லது ரத்தாகும் என்று 2020-இல் கணித்தது. அந்தக் கோடிகளுக்குள் இந்த மாதிரி எத்தனை பெரியவர்கள் இருந்திருப்பார்கள் என்றுதான் நான் யோசிப்பேன்.

2021 மே மாதத்தில் கொரோனாவே எங்களுக்கு ஆபரேஷன் கொடுத்தது. கருப்புப் பூஞ்சை. கட்டுப்படாத சர்க்கரை, கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு இரண்டும் சேர்ந்தவர்களுக்கு மூக்கிலும் சைனஸிலும் பூஞ்சை பிடித்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. மருந்து மட்டும் போதாது, அழுகிய இடத்தைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். காது மூக்கு தொண்டை டாக்டர், கண் டாக்டர், பல் சர்ஜன் மூவரும் ஒரே மேஜையைச் சுற்றி நிற்பார்கள். சிலருக்கு மேல்தாடையை எடுத்தார்கள், சிலருக்குக் கண்ணையே. அதே நோயாளி சில நாளில் மறுபடி உள்ளே வருவார். பூஞ்சைக்குக் கொடுக்கிற ஆம்போடெரிசின் ஊசிக்குத் தட்டுப்பாடு. அந்த ஜூலைக்குள் நாட்டில் 45,000 பேருக்கு மேல் இது வந்திருந்தது.

சர்ஜரி படிக்கிற பி.ஜி. மாணவர்களைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. ஹெர்னியா, பித்தப்பை எல்லாம் செய்து கைபழக வேண்டிய காலத்தில் அவர்கள் கோவிட் வார்டில் ஸ்வாப் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீட் பி.ஜி. கவுன்சிலிங்கும் தாமதமாகி 2022 ஜனவரியில்தான் தொடங்கியதால், புதுப் பிள்ளைகளும் வந்து சேரவில்லை.

இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், எல்லா தியேட்டரையும் ஒரேயடியாக மூடாதீர்கள் என்பேன். தொற்று நோயாளிகள் கால் வைக்காத கட்டடத்தில், தனி வாசல், தனி ஆட்களோடு இரண்டு தியேட்டராவது ஓட வேண்டும். புற்றுநோய் ஆபரேஷன்களை அப்படிப் பிரித்துச் செய்த இடங்களில் நுரையீரல் சிக்கல்கள் பாதிக்கும் குறைவாக இருந்ததை அதே கோவிட்சர்ஜ் குழு 2020-லேயே காட்டிவிட்டது. யாருக்கு முதலில் என்பதைப் பதிவு வரிசையை விட்டுவிட்டு, யாருடைய நோய் முற்றும் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். தள்ளிவைத்த ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு முறை போன் செய்து "வலி இருக்கிறதா, வாந்தி இருக்கிறதா, தள்ளினால் உள்ளே போகிறதா" என்று கேட்க ஒரு நர்ஸ் போதும்.