20,000 பங்குகள் என்றால் எத்தனை சதவீதம்?

கேள்வி: ஆரம்ப நிலையில் இருக்கும் ஸ்டார்ட்அப் ஒன்றில் மூன்றாவது ஊழியராகச் சேர அழைக்கிறார்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிட 30% குறைவு. அதற்கு ஈடாக 20,000 ஸ்டாக் ஆப்ஷன் தருகிறார்களாம். இது நியாயம்தானா?

பதில்: ஸ்டாக் ஆப்ஷன் என்றால், நிறுவனத்தின் பங்கைப் பிறகு ஒரு குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. 20,000 என்ற எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. மொத்தப் பங்குகள் 20 லட்சம் என்றால் உங்களுடையது 1%. ஒரு கோடி என்றால் வெறும் 0.2%. ஊழியர்களுக்காக ஒதுக்கி வைத்தவை, பின்னாளில் முதலீட்டாளர்களின் பங்காக மாறப்போகிறவை எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத்தைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால், அந்த ஆப்ஷனுக்கு மதிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.

சரி, மொத்தம் 40 லட்சம், உங்களுக்கு 0.5% என்று வைத்துக்கொள்வோம். இது போதுமா? 30% குறைவு என்றால், ஆப்ஷன் முழுதும் உங்களுடையதாக வழக்கமாக ஆகும் நான்கு வருடத்தில் நீங்கள் விட்டுக்கொடுப்பது 1.2 வருடச் சம்பளம். கடைசியாக முதலீடு வாங்கியபோது நிறுவனத்துக்குப் போட்ட மதிப்பு உங்கள் ஆண்டுச் சம்பளத்தைப் போல 100 மடங்கு என்றால், அதே தொகையைப் போடும் முதலீட்டாளருக்கு 1.2% கிடைத்திருக்கும். அதுவும் முன்னுரிமைப் பங்காக. நிறுவனம் குறைந்த விலைக்கு விற்றால் போட்ட பணத்தை அவர் முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. நீங்களோ ஆப்ஷனைப் பங்காக்கத் தனியாகப் பணமும் கட்ட வேண்டும். ஆக, 0.5% குறைவுதான்.

ஆனால் அடுத்த முதலீடு வந்ததும் சம்பளத்தைச் சரிசெய்வதாக எழுத்தில் கொடுத்தால் கதையே மாறிவிடும். 18 மாதத்தில் அது நடந்தால் உங்கள் இழப்பு 0.45 வருடச் சம்பளம்தான். அப்போது 0.5% பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் கேட்டாலும் தப்பில்லை. பங்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் பேசச் சொல்வேன். பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

அடுத்தடுத்த முதலீடுகளில் உங்கள் சதவீதம் சுருங்கும். ஒவ்வொரு முறையும் 20% கரைந்தால், இரண்டு சுற்றுக்குப் பிறகு 0.5% என்பது 0.32% ஆகிவிடும். நிறுவனத்தின் மதிப்பு அதைவிட வேகமாக உயர்ந்தால் கவலையில்லை.

ஆப்ஷன் பொதுவாக நான்கு வருடத்தில் தவணையாகத்தான் உங்களுக்குச் சொந்தமாகும். முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடைக்காது. இது வழக்கமானதுதான், ஏற்றுக்கொள்ளலாம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது விலகிய பிறகு வரும் கெடுவைப் பற்றி. பல ஒப்பந்தங்களில் அது 90 நாள்தான். அதற்குள் பணம் கட்டிப் பங்காக மாற்றாவிட்டால், வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்தது அப்படியே போய்விடும். மாற்றினாலோ, பல நாடுகளில் பங்கை விற்காமலே வரி கட்ட வேண்டி வரும், கையில் ஒரு காசும் வந்திருக்காது. அதனால் அந்தக் கெடுவைச் சில வருடங்களாக நீட்டித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனத்துக்கு இதனால் இன்று பணச் செலவு எதுவும் இல்லை. மூன்றாவது ஆளாகச் சேரும் உங்களுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.